மூளைக்குள் ஊசி, திண்ணையில் அட்டை

“மூளைக்குள்ள சிப் வச்சா பேச்சு வந்துருமாமே, சார்?” கை கால் விழுந்து, வாயும் நின்றுபோன ஒருவரை வைத்திருக்கும் வீடுகளில் இப்போது இந்தக் கேள்வி தவறாமல் வருகிறது. துபாயிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் மருமகன் இரண்டு நிமிஷ வீடியோ ஒன்றை அனுப்பியிருப்பார். அதில் வாய் அசையாத ஒருவர் கணினி வழியாகப் பேசுவார், சுற்றி நிற்பவர்கள் அழுவார்கள். பார்த்த கையோடு மன்னார்குடியிலோ பாபநாசத்திலோ கணக்கு தொடங்கிவிடும். சென்னையா, வேலூரா? எவ்வளவு ஆகும்? இரண்டு மா நிலம் போதுமா, மூன்று மாவையும் கொடுக்க வேண்டுமா?

பதில் ஒரே வரி. பேச்சுக்கான மூளைப் பதியம் (மூளையில் பதிக்கும் சிப்) கடையில் விற்கும் பொருளாக இன்னும் வரவில்லை. நாம் பார்ப்பதெல்லாம் ஒருவர், இருவர் மேல் நடந்த ஆராய்ச்சிச் சோதனைகள். இந்தியாவில் யாராவது வைப்பதாகச் சொன்னால் அது மருத்துவக் கருவி விதிகள், 2017-இன்படி மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதியோடு நடக்கும் சோதனையாக இருக்க வேண்டும். சோதனைக் கருவிக்கு நோயாளியிடம் விலை கேட்கிறார்கள் என்றால் அங்கேயே எழுந்து வந்துவிடலாம்.

இந்தப் பதிலோடு பேச்சை முடிக்கத்தான் மனம் ஒப்பவில்லை. கேள்வி வரும் வீடுகளில் பெரும்பாலும், படுத்திருப்பவரின் கண் நன்றாக அசைந்துகொண்டிருக்கும். அந்தக் கண்ணோடு ‘ஆமாம்’, ‘இல்லை’ என்று ஒரு ஏற்பாடு செய்துகொள்ள யாருக்கும் தோன்றியிருக்காது. சிப் வரட்டும் என்ற காத்திருப்பு அந்த இடத்தை எடுத்துக்கொண்டுவிடும். எதிர்ப்பக்கத்தில் இன்னொரு கட்சி: “அதெல்லாம் அமெரிக்காக்காரனுக்கு, நமக்கு எதுக்கு?” இரண்டுமே எனக்குத் தவறாகப் படுகின்றன. அந்தக் கருவியில் இரண்டு பாதி இருக்கிறது. ஒரு பாதி எந்த மண்டைக்கும் பொருந்தும். மறுபாதி மொழி. அதைத் தமிழுக்கு நாம்தான் செய்ய வேண்டும்; செய்தால் அறுவைச் சிகிச்சை எதுவும் இல்லாமல் இந்த வாரமே திண்ணையில் ஓர் எழுத்து அட்டையாகப் பயன்படும்: நாம் எழுத்துகளைப் படித்துக் காட்ட, அவர் கண்ணால் ‘ஆமாம்’ சொல்லித் தேர்ந்தெடுப்பார்.

ஊசி எதைக் கேட்கிறது

எண்ணத்தைப் படிக்கிறது என்று செய்திகள் எழுதுகின்றன. அது படிப்பது வாயை அசைக்க மூளை போடும் உத்தரவை. காதுக்குச் சற்று முன்னால், மேலே, மூளையின் மேற்பரப்பில் உதடு, நாக்கு, தாடை, குரல்வளை ஆகியவற்றை ஆட்டுவிக்கும் ஒரு பட்டை இருக்கிறது. மூளைத்தண்டில் பக்கவாதம் வந்தவருக்கு உத்தரவு கீழே இறங்கும் வழி அறுந்துபோகிறது. ஏ.எல்.எஸ். எனப்படும் மோட்டார் நியூரான் நோயில் உத்தரவைத் தசைக்குக் கொண்டுபோகும் நரம்பணுக்கள் ஒவ்வொன்றாகச் சாகின்றன. இரண்டிலும், போட்ட உத்தரவு போய்ச் சேராவிட்டாலும் போடும் இடம் நெடுநாள் வேலை செய்துகொண்டே இருக்கிறது. அதன் மேல் காதை வைப்பதுதான் மொத்த யோசனையும்.

அந்தக் காதுக்குப் பெயர் யூட்டா அர்ரே. முழு அளவில் 4 மில்லிமீட்டருக்கு 4 மில்லிமீட்டர் சிலிக்கான் தட்டு, அதில் 100 ஊசிகள், ஒவ்வொன்றும் 1 முதல் 1.5 மில்லிமீட்டர் நீளம். 2004-இல் பிரெயின்கேட் சோதனையில் கழுத்துக்குக் கீழே அசைவற்ற ஒருவருக்கு இதை வைத்தபோது அவர் திரையில் சுட்டியை நகர்த்தினார். பேச்சுக்கு 64 ஊசி கொண்ட சிறு தட்டுகளை வைக்கிறார்கள். மண்டையோட்டில் ஒரு துண்டை எடுத்து, உறையைத் திறந்து, தட்டைக் காற்றழுத்தச் சுத்தியால் ஒரே தட்டாகத் தட்டி இறக்க வேண்டும். மெதுவாக அழுத்தினால் மூளை குழிந்து கீழே போகுமே தவிர ஊசி இறங்காது. தட்டிலிருந்து மெல்லிய கம்பிக் கற்றை, மண்டையோட்டில் திருகப்பட்ட டைட்டானியக் கொண்டை ஒன்றுக்கு வருகிறது. அது தோலைத் துளைத்துக்கொண்டு வெளியே நிற்கும். கணினியின் வயரை அதில் மாட்ட வேண்டும்.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஏ.எல்.எஸ். நோயாளி ஒருவருக்கு இப்படி நான்கு தட்டு வைத்தார்கள்; முடிவு 2023-இல் வெளியானது. இரண்டு, வாயசைவுப் பட்டையில். இரண்டு, பாடப்புத்தகம் பேச்சின் தலைநகரம் என்று சொல்லும் புரோக்கா பகுதியில். புரோக்காவில் வைத்த இரண்டிலிருந்தும் உருப்படியாக எதுவும் கிடைக்கவில்லை. வேலை செய்ததெல்லாம் வாயசைவுப் பட்டைதான். ஒவ்வொரு ஊசியிலும் நரம்பணுக்கள் எத்தனை முறை சுட்டன, அதாவது மின்துடிப்பு விட்டன, என்று 20 மில்லிவினாடிக்கு ஒரு தரம் எண்ணி, அந்த எண்களைப் பார்த்து ஒரு நரம்பியல் வலைப்பின்னல் ‘இப்போது முயல்வது ப-வா, ம-வா’ என்று ஒலிக்கு ஒலி நிகழ்தகவு போடுகிறது. அந்த ஒலி வரிசையை எடுத்துக்கொண்டு, அடுத்து எந்தச் சொல் வர வாய்ப்பு அதிகம் என்று கணக்கிடும் ‘மொழி மாதிரி’ என்ற மென்பொருள் சொற்களைக் கோர்க்கிறது. நிமிஷத்துக்கு 62 சொல், 1,25,000 சொல் கொண்ட அகராதி, 23.8 சதவீதப் பிழை. நாலு சொல்லில் ஏறக்குறைய ஒன்று தப்பு. அதே ஆண்டு வெளியான இன்னொரு ஆய்வில் சான் ஃபிரான்சிஸ்கோவில் மூளையைக் குத்தாமல் மேலே 253 மின்முனை கொண்ட மெல்லிய விரிப்பைப் போர்த்தி நிமிஷத்துக்கு 78 சொல் எடுத்தார்கள். பிழை 25 சதவீதம். 2024-இல் வெளியான ஆய்வில் கலிஃபோர்னியாவின் டேவிஸில் 256 ஊசி வைத்து 97.5 சதவீதச் சொற்களைச் சரியாகக் கொண்டுவந்தார்கள். 50 சொல் அகராதியில் முதல் நாளே, அரை மணி நேரப் பயிற்சியில் 99.6 சதவீதம். வீடியோக்களில் சுற்றி நிற்பவர்கள் அழுவது நடிப்பு அல்ல.

கெட்டுப்போகும் இடங்களையும் சொல்லிவிட வேண்டும். மூளை மண்டைக்குள் மிதக்கிறது. தட்டு மயிரிழை நகர்ந்தாலே நேற்றுக் கேட்ட நரம்பணு இன்று கேட்காது. அதனால் அளவுதிருத்தம் தீராத வேலை. ஊசியைச் சுற்றி வடுத் திசு வளரும், சத்தம் மங்கும். தோலைத் துளைத்து நிற்கும் கொண்டை கிருமிக்குத் திறந்த வாசல்; கார்த்திகை ஈரத்திலும் சித்திரை வியர்வையிலும் அதை நாள் தவறாமல் சுத்தம் செய்ய ஓர் ஆள் வேண்டும். நியூராலிங்க் 2024 ஜனவரியில் முதல் மனிதருக்கு 64 இழைகளில் 1,024 மின்முனை வைத்தபோது சில வாரங்களிலேயே பல இழைகள் மூளையிலிருந்து பின்வாங்கிவிட்டன. மென்பொருளை மாற்றித்தான் ஓட்டினார்கள். மண்டையைத் திறக்காமல் கழுத்து ரத்தக் குழாய் வழியாக மூளையின் உச்சி ரத்தக் குழாய்க்குள் 16 மின்முனை கொண்ட ஸ்டென்ட்டைக் கொண்டுபோகும் வழியும் உண்டு. ஆபத்து குறைவு, ஆனால் அவ்வளவு தூரத்திலிருந்து ஒலி கேட்காது. ‘கிளிக்’ என்று ஒன்றைச் சொல்லலாம், அவ்வளவுதான்.

கண்ணால் கொடுத்த சம்மதம்

இவ்வளவு வேகக் கணக்குக்கு நடுவில் யாரும் பகிராத ஒரு சோதனை இருக்கிறது. என் கருத்தை முடிவுசெய்தது அதுதான். வேகம், நிமிஷத்துக்கு ஒரே ஓர் எழுத்து.

ஜெர்மனியில் ஏ.எல்.எஸ். வந்த முப்பதுகளில் இருந்த ஒருவர். கை, கால், வாய், மூச்சு எல்லாம் போய்க் கடைசியில் கண்ணும் நிற்கப்போகிறது என்ற நிலை. 2019 மார்ச்சில் அவருக்கு 64 ஊசித் தட்டு இரண்டு வைத்தார்கள். ‘கையை அசைக்க முயலுங்கள், நாக்கை அசைக்க முயலுங்கள்’ என்று ஏறக்குறைய மூன்று மாதம் முயன்றும் ஒன்றும் பிடிபடவில்லை. பிறகு வழியை மாற்றினார்கள். நரம்பணுக்கள் சுடும் வேகத்தை ஒரு சுரமாக அவர் காதிலேயே ஒலிக்கவிட்டார்கள். வேகம் கூடினால் சுரம் ஏறும், குறைந்தால் இறங்கும். அதை ஏற்றிப் பிடிக்கவும் இறக்கிப் பிடிக்கவும் அவர் கற்றுக்கொண்டார். ஏறினால் ஆமாம், இறங்கினால் இல்லை. அப்புறம் கணினி எழுத்துக் கூட்டங்களை ஒவ்வொன்றாகப் படிக்கும். அவர் ஆமாம் சொன்ன கூட்டத்துக்குள் எழுத்துகளைப் படிக்கும். கட்டுரையில் வந்த 135 நாட்களில் 107 நாள் சுரம் வசப்பட்டது. அவற்றில் 44 நாளில்தான் புரியும்படி எழுத முடிந்தது. எழுதியவை: தலைமாட்டை உயர்த்துங்கள் என்பது, சூப்பும் பீரும் கேட்டது, சின்ன மகனோடு பேசியது.

(இதே குழுவின் முதன்மை ஆய்வாளர்கள் இருவரின் 2017 கட்டுரை ஒன்று, தலைக்கு வெளியிலிருந்து ஒளியால் அளக்கும் வேறு முறை பற்றியது, 2019-இல் திரும்பப் பெறப்பட்டது. அதனால் பலர் இவர்கள் பெயரைக் கேட்டாலே முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். 2022-இல் வந்த இந்தக் கட்டுரையில் ஊசியும் சுரமும் எழுத்துமாகப் பதிவு இருக்கிறது.)

இதில் இரண்டு விவரத்தைக் கவனிக்க வேண்டும். ஒன்று, மண்டைக்குள் ஊசி இறங்கியபின்னும் கிடைத்தது ஓர் ஆமாம், ஓர் இல்லை. மற்றதெல்லாம் எழுத்துகளைக் கூட்டமாகப் பிரித்துப் படித்துக் காட்டும் பழைய முறை. கண் அசைந்த காலத்தில் அவர் குடும்பமே வண்ணப் பின்னணியில் எழுத்துக்கட்டம் அச்சிட்டு, வண்ணம், வரிசை, எழுத்து என்று வாயால் படித்து, கண் அசைந்தால் ஆமாம் என்று எடுத்துக்கொண்டிருந்தது. இரண்டாவது விவரம் இதைவிடப் பெரியது. அறுவைச் சிகிச்சைக்குச் சம்மதம் அவர் கொடுத்தது கண்ணால். அந்தக் கண் ‘ஆமாம்’ சொல்லப் பழகியிருந்ததால்தான் அது சம்மதம் ஆனது. ஆமாம் சொல்ல வழியில்லாதவருக்கு எந்த நெறிமுறைக் குழுவும் அவர் விருப்பப்படி ஊசி வைக்க முடியாது. அதாவது, சிப் வரட்டும் என்று அட்டையைத் தள்ளிப்போடும் குடும்பம், சிப் வந்தாலும் அதைக் கேட்டு வாங்கும் வாயை அடைத்துவிடுகிறது.

நெதர்லாந்தின் உட்ரெக்ட்டில் 2016-இல் முழுக்க உடலுக்குள்ளேயே வைத்த கருவியோடு வீட்டில் வாழ்ந்த பெண்மணியின் கதையும் இந்தப் பக்கமே சாய்கிறது. மூளையால் ‘கிளிக்’, திரையில் எழுத்து வரிசை தானாக நகரும், நிமிஷத்துக்கு இரண்டு எழுத்து. வீட்டுக்குள் அவர் பெரும்பாலும் கண் கேமராவையே பயன்படுத்தினார். வெளியே வெளிச்சத்தில் கேமரா கண்ணைத் தவறவிடும்போது மூளைக் கருவி. ஏழு ஆண்டுக்குப் பிறகு நோயே மூளையைச் சுருக்கி அந்தச் சமிக்ஞையையும் மங்கவைத்துவிட்டது.

பதினெட்டு எழுத்து

சரி, அட்டை. கடைகளிலும் இணையத்திலும் கிடைக்கும் தமிழ் அட்டை அரிச்சுவடியை அப்படியே பெரிதாக்கியதாக இருக்கும், 247 எழுத்து. பத்தொன்பது வரிசை, பதின்மூன்று பத்தி என்று வைத்தால் ஓர் எழுத்துக்குச் சராசரி பதினேழு தரம் வாய்விட்டுக் கேட்க வேண்டும். கேள்விக்கு இரண்டு வினாடி என்றால் அரை நிமிஷத்துக்கு மேல். பத்து நாளில் அட்டை பரணுக்குப் போய்விடும்.

குறைக்க வேண்டும், நன்றாகவே குறைக்க வேண்டும். ந, ண, ன மூன்றும் ஒரே கட்டம். ல, ள, ழ ஒன்று. ர, ற ஒன்று. ங-வும் ஞ-வும் பெரும்பாலும் க, ச-வுக்கு முன்னால் வருபவை, தனிக் கட்டம் வேண்டாம். ஞாயிறு என்றால் ன-வில் தொடங்கட்டும், புரியும். மெய்யில் மிஞ்சுவது க, ச, ட, த, ப, ம, ய, வ, ன, ர, ல: பதினொன்று. உயிரில் குறில் நெடிலைச் சேர்த்துவிடலாம், ஆனால் அ-வையும் ஆ-வையும் சேர்க்கக் கூடாது. சேர்த்தால் பல்லும் பாலும் ஒன்றாகிவிடும், படுக்கையில் இருப்பவருக்கு இரண்டும் தினசரிச் சொல். ஆக அ, ஆ, இ, உ, எ, ஐ, ஒ: ஏழு. மொத்தம் பதினெட்டு. புள்ளி கிடையாது, இரட்டிப்பு கிடையாது, மெய்க்குப் பின்வரும் அ-வும் கிடையாது.

முதல் வரிசை: க, த, ன, ர, ல, வ. இரண்டாவது: இ, உ, ஆ, ப, ம, ட. மூன்றாவது: ச, ய, அ, எ, ஐ, ஒ. நாலாவது வரிசையில் எழுத்து இல்லை: ‘சொல் முடிஞ்சிது’, ‘தப்பு’, ‘பட்டியல்’, ‘எண்’, ‘ஆளைக் கூப்பிடு’, ‘அப்புறம் பேசலாம்’. கடைசிக் கட்டத்தை விட்டுவிடாதீர்கள். பேச்சை நிறுத்தும் உரிமை இல்லாத அட்டையை நோயாளி வெறுக்கத் தொடங்குவார்.

‘வலிக்குது’ என்பது வ, ல, இ, க, உ, த, உ. மனைவி வரிசையைக் கேட்கிறார்: “மொத வரிசையாங்க?” கண் மேலே போகிறது. “க... த... ன... ர... ல... வ...” வ-வில் மேலே. வரிசைக்கு ஒன்று, எழுத்துக்கு ஆறு, ஆக ஏழு கேள்வி. ல-வுக்கு ஆறு, இ-க்கு மூன்று, க-வுக்கு இரண்டு, உ-வுக்கு நான்கு, த-வுக்கு மூன்று, மறுபடி உ-வுக்கு நான்கு. இருபத்தொன்பது கேள்வி, ஐம்பத்தெட்டு வினாடி. உட்ரெக்ட் கருவியின் நிமிஷத்துக்கு இரண்டு எழுத்தை நினைத்துக்கொள்ளுங்கள். இங்கே நிமிஷத்துக்கு ஏழு, செலவு ஓர் அட்டை.

முழுதாக எழுதவிட வேண்டியதும் இல்லை. வ, ல, இ வந்ததுமே “வலியா?” என்று கேட்டுவிடலாம். ஊகித்தால் வாய்விட்டுச் சொல்லி, கண் மேலே போகும்வரை காத்திருக்க வேண்டும், அது மட்டும் கட்டாயம். க, உ, ல, இ என்று வந்ததும் ‘குளிக்கணுமாம்’ என்று முடிவுகட்டிச் சட்டையைக் கழற்றி ஈரத்துணியால் துடைக்க ஆரம்பிப்பார்கள். அவர் சொல்ல வந்தது ‘குளிருது’.

சமிக்ஞைக்குக் கண் சிமிட்டலை வைக்காதீர்கள். எல்லோரும் தானாகச் சிமிட்டுகிறோம், காய்ந்த கண் இன்னும் அதிகமாகச் சிமிட்டும். மேலே பார்த்தால் ஆமாம், கீழே பார்த்தால் இல்லை. ‘இல்லை’க்கு அசையாமல் இருப்பது என்று வைத்தால் தூக்கத்துக்கும் மறுப்புக்கும் வித்தியாசம் தெரியாது. மூளைத்தண்டுப் பக்கவாதத்தில் பக்கவாட்டுப் பார்வை போய் மேல்கீழ் மட்டும் மிஞ்சுவது வழக்கம். அதனால் எட்டுத் திசையில் எழுத்து ஒட்டிய கண்ணாடிச் சட்டம் அவர்களுக்கு உதவாது. ஏ.எல்.எஸ். நோயாளிக்குப் பல காலம் எல்லாத் திசையும் இருக்கும், அவருக்குச் சட்டம் வேகமாகவே போகும். அட்டையை லேமினேட் செய்யாதீர்கள், டியூப்லைட் பளபளக்கும். எழுத்து மூன்று சென்டிமீட்டர் உயரம், முகத்திலிருந்து ஒரு முழம் தள்ளி. மூக்குக் குழாயில் கஞ்சி கொடுத்ததும் எப்படியும் தலைமாட்டை உயர்த்தி வைக்கச் சொல்லியிருப்பார்கள். அந்த நேரம் வசதி. தசை இறுக்கத்துக்கு பேக்லோஃபென் மாத்திரை கொடுத்தபின் சில மணி நேரம் மந்தமாக இருக்கலாம், அப்போது சோதித்துவிட்டு ‘ஒண்ணும் புரியல அவருக்கு’ என்று முடிவெடுக்கக் கூடாது.

சோதிப்பதற்கும் முறை உண்டு. பதில் உங்களுக்குத் தெரிந்த பத்துக் கேள்வி, ஐந்துக்கு ஆமாம், ஐந்துக்கு இல்லை, கலைத்துப் போட்டு. ஐந்து சரி என்றால் காசு சுண்டிப்போட்டதும் அதுவும் ஒன்று. ஒன்பதோ பத்தோ சரியானால், தற்செயலாக அப்படி வர நூற்றில் ஒரு வாய்ப்புதான். காலையில் ஒரு தரம், சாயந்தரம் ஒரு தரம் செய்யுங்கள். அதற்காக “உங்க பேரு இதானே?” என்று குழந்தையைக் கேட்பதுபோல் கேட்டு அவமானப்படுத்த வேண்டாம். “குறுவைக்கு நாத்து விட்டாச்சான்னு கேட்டீங்களே, அது மேலக்காட்டுக்குத்தானே?” என்று கேட்கலாம்.

மறுபாதி

மேலே உள்ள முதல் வரிசையில் க, த, ன, ர, ல, வ ஏன் வந்தன? பேச்சுத் தமிழில் அடிக்கடி வருபவை என்பதால். ஸ்டான்ஃபோர்டின் மொழி மாதிரி செய்வதும் இதுவே, பெரிய அளவில்: அடுத்து எது வர வாய்ப்பு அதிகம் என்ற கணக்கு. வரிசை அமைப்பு, கையால் செய்த மொழி மாதிரி. அதனால்தான் இரண்டையும் ஒரே கட்டுரையில் எழுதுகிறேன்.

ஊசிப் பாதியை நாகப்பட்டினத்து மண்டையில் வைத்தால் என்ன ஆகும்? கவலை இல்லை. அந்த வலைப்பின்னல் ஒவ்வோர் ஆளுக்கும் புதிதாகப் பயிற்றப்படுவது. திரையில் வாக்கியம் காட்டி அதைச் சொல்ல முயலச் சொல்கிறார்கள், ஸ்டான்ஃபோர்டில் அப்படி பத்தாயிரத்துக்கு மேற்பட்ட வாக்கியங்கள். தமிழ் வாக்கியம் காட்டினால் தமிழ் ஒலியைக் கற்கும். ழ-வுக்கு நாக்கு மடங்குவதும் ஓர் உத்தரவுதானே. மறுபாதியில்தான் சிக்கல். 1,25,000 சொல் ஆங்கிலத்தில் ஒருவரின் வாழ்நாள் பேச்சுக்குப் போதும். தமிழில் போ என்ற ஒரு வினையே போனான், போகச்சொல்லிட்டேன், போயிருப்பாங்களாம், போகாட்டி என்று கிளைத்துக்கொண்டே போகும். முழுச்சொல் அகராதி கட்டுப்படியாகாது. சொல்லைத் துண்டுகளாக வைத்துத்தான் கட்ட வேண்டும். அதற்கும் மேல், கிடைக்கும் எழுத்துத் தரவு பத்திரிகையும் விக்கிப்பீடியாவும். அதில் பயிற்றிய மாதிரி ‘வலிக்குது’ என்று முயன்றவரை ‘வலிக்கிறது’ என்று திருத்தும். திருவாரூர்க்காரர் ஒருவர் ஆறு மாத மௌனத்துக்குப் பிறகு வாய்திறந்து, திருச்சி வானொலி மாநிலச் செய்தி வாசிப்பவர் போலப் பேசினால் வீட்டில் யார் ஒப்புக்கொள்வார்கள்? சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் போன்றோர் பேச்சுத் தமிழைத் திரட்டி வெளியிடுகிறார்கள். தொடக்கத்துக்கு அது இருக்கிறது. ஆனால் நோயாளி படுக்கையிலிருந்து சொல்லும் வாக்கியங்கள் வேறு வகை. பாதி ஏவல், பாதி விசாரிப்பு, கொஞ்சம் திட்டு. மேட்டூரில் திறந்தாலும் வாய்க்கால் தூர்வாராத ஊருக்குத் தண்ணீர் வராது. அந்த வாக்கியங்களைத் திரட்டாத மொழிக்கு ஊசியும் அப்படித்தான்.

திரட்டியது வீணாகாது என்பதற்கு 1999-இல் நாமே செய்த உதாரணம் இருக்கிறது. தமிழ்99 விசைப்பலகையில் ஒரே மெய்யை இரண்டு தரம் தட்டினால் முதலாவதில் புள்ளி தானே விழும்; ங-வுக்குப் பின் க, ஞ-வுக்குப் பின் ச, ண-வுக்குப் பின் ட வந்தாலும் விழும். தமிழின் ஒலி இலக்கணத்தை வைத்து விரல் வேலையைக் குறைத்த விதி. விரலால் தட்டுபவருக்கு அது சின்னச் சௌகரியம். ஒரு தேர்வுக்குப் பத்து வினாடி செலவழிப்பவருக்குப் புள்ளிக்குப் புள்ளி பத்து வினாடி மிச்சம். அட்டையில் புள்ளியையே விட்டதும் இதே யோசனைதான்; போனில் அந்த விதியை வைக்கலாம். ஆண்ட்ராய்டு 12 முதல் ‘கேமரா சுவிட்ச்’ என்ற வசதி போனிலேயே இருக்கிறது: மேலே பார்ப்பது, புருவம் தூக்குவது, வாய் திறப்பது, சிரிப்பது இவற்றில் ஒன்றை விசையாக வைத்துக்கொள்ளலாம், திரையில் கட்டம் தானாக நகரும். போன் முகத்துக்கு நேரே, கட்டிலில் ஸ்டாண்டு போட்டு நிற்க வேண்டும். பின்னால் ஜன்னல் வெளிச்சம் கூடாது. அட்டையில் பழகிய கண்ணுக்கு இது ஒரு வாரத்தில் வந்துவிடும். பழகாத கண்ணுக்கு வராது.

ஆனாலும் அட்டையைத் தூக்கிப் போட வேண்டாம். கஜா புயல் 2018 நவம்பர் 16 விடியற்காலை வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது சாய்ந்த மின்கம்பங்கள் லட்சத்தைத் தாண்டின. சில ஊர்களுக்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்கானது. போன், கண் கேமரா, இன்றைய மூளைக் கருவிக்குத் தேவையான கணினி வண்டி எல்லாம் ஒரே பிளக்கில் நிற்பவை.

ரகசியம் பற்றியும் ஒரு வார்த்தை. மனசுக்குள் நினைத்ததை எல்லாம் கருவி கொட்டிவிடாதா என்று மருமகள்கள் கேட்கிறார்கள், நியாயமான பயம். ஸ்டான்ஃபோர்டில் 2025-இல் வாயசைக்க முயலாமல் மனசுக்குள் சொல்வதையும் ஓரளவு பிடிக்க முடிந்தது. உடனே அவர்கள் செய்த வேலை, ஒரு கடவுச்சொல்லை மனசுக்குள் சொன்னால்தான் கருவி கேட்கத் தொடங்கும் என்ற பூட்டு. அது 98 சதவீதத்துக்கு மேல் வேலை செய்தது. அட்டையில் அந்தப் பூட்டு தானாகவே இருக்கிறது. வீடு நிறைய ஆள் நிற்கும்போது அவர் கண்ணை மூடிக்கொள்ளலாம்.

பேச்சு இருக்கும்போதே

ஏ.எல்.எஸ். என்று டாக்டர் சொல்லி, பேச்சு இன்னும் முழுதாகப் போகாத வீடு என்றால் அட்டைக்கும் முன்னால் ஒரு வேலை. டேவிஸில் கணினி பேசிய குரல் நோய்க்கு முன்னால் பதிவான அவருடைய சொந்தக் குரலை வைத்துச் செய்தது. பதிவு இருந்ததால் முடிந்தது. நாக்கு குழறத் தொடங்கும் முன்னே பதிய வேண்டும், குழறிய பின் பதிந்தால் குழறலும் சேர்ந்தே வரும்.

போன் போதும். பதிவுச் செயலியில் வேவ் (WAV) வடிவம், 44.1 கிலோஹெர்ட்ஸ் என்று வையுங்கள். வாயிலிருந்து ஒரு சாண், சற்றுப் பக்கவாட்டில். நேர் எதிரே வைத்தால் ப போன்ற ஒலிகள் ஊதும். மின்விசிறியை நிறுத்த வேண்டும். மோட்டார் ஓடாத நேரம், மார்கழி என்றால் கோயில் ஒலிபெருக்கி ஓய்ந்த நேரம். ஒரு தடவைக்குப் பத்து நிமிஷத்துக்கு மேல் வேண்டாம், களைப்பு குரலில் தெரியும். படித்துக் காட்டச் சொன்னால் எல்லோரும் மேடைத் தமிழுக்குப் போய்விடுகிறார்கள், அதனால் தாளைக் கொடுக்காமல் பேச்சுக் கொடுங்கள்: நடவுக் கூலி தகராறு, கல்யாணத்தில் யார் யார் வந்தார்கள், போன வருஷம் கொள்முதல் நிலையத்தில் நெல் நனைந்த கதை. பேரப்பிள்ளைகளின் பெயரை ஒவ்வொன்றாகக் கூப்பிடச் சொல்லுங்கள். திட்டுகளையும் பதியுங்கள், கூச்சப்படாமல். பின்னால் அதிகம் தேடப்படுவது அதுதான். எழுதி வைத்தால் அதே பதிவு அட்டையின் வரிசைக்கும் சொல் பட்டியலுக்கும் தரவாகிறது.

வாட்ஸ்அப்பில் ஏற்கனவே இருக்கும் குரல் செய்திகள் சுருக்கப்பட்டவை, தரம் குறைவு. ஆனால் இயல்பான பேச்சு அதில்தான் இருக்கும். ஒவ்வொன்றாகக் கோப்பாக வெளியே எடுத்து, தேதி போட்டு, இரண்டு இடத்தில் வையுங்கள், ஒன்று வீட்டுக்கு வெளியே. பழைய போனைக் கொடுத்துவிட்டுப் புதுசு வாங்கும் முன்னால் இதைச் செய்ய வேண்டும்.